அப்பாவின் கோழிகள் ஏன் சிறுத்துப்போகின்றன?

வாசகரின் கடிதம்

சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் தரைவீட்டில் குடியிருக்கும் 52 வயது வாசகர் ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கம்பத்து வீட்டைச் சுற்றிக் கோழி வளர்த்தார். நெட்டைக் கால், அகன்ற மார்பு, பட்டாணி மணிகள் மூன்று வரிசையாக ஒட்டியது போன்ற கொண்டை, காகமும் செவலையுமாக நிறம். தமிழ்நாட்டில் பெருவிடை என்று பெரிய நாட்டுக்கோழியைச் சொல்வார்களே, அந்தச் சாயல். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது கோழிகளை நண்பர் ஒருவரின் தோட்டத்தில் விட்டுவைத்தார். மகன் தரைவீடு வாங்கிய பிறகு அதே வம்சத்தில் ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் திரும்பி வந்தன. அந்தச் சேவல் இப்போது இல்லை. அதன் மகன்தான் இன்றைய சேவல். ஒன்பது பெட்டைகளில் சில அதற்கு அக்கா தங்கை, மற்றவை அதன் சொந்த மகள்கள்.

கடைசி மூன்று தடவை பொரிக்க வைத்ததில் குஞ்சுகளின் உடல் சிறுத்துக்கொண்டே போகிறது. 12 முட்டை வைத்தால் நாலோ ஐந்தோதான் பொரிக்கிறது. சில குஞ்சுகளுக்கு விரல் மடங்கியிருக்கிறது. பொரித்தவற்றில் சேவல்தான் அதிகம். ஒரு குஞ்சுக்குக் கால் மஞ்சளாக இருக்க, அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எங்கேயோ பிராய்லர் கலந்துவிட்டது, அந்தத் தாய்க்கோழியை ஒழி" என்கிறார். வேலியோரம் காட்டுச்சேவல் ஒன்று வந்துபோகிறது. அதோடு சேர்ந்த பெட்டை இனி எப்போதும் சுத்தமான குஞ்சு தராது என்பதும் அவர் கட்சி. வெளியிலிருந்து கோழி கொண்டுவரவும் அவருக்குச் சம்மதமில்லை.

வாசகரின் கேள்விகள்: எண்ணிக்கையை 20 ஆக்கினால் இனம் தேறுமா? புதுக்கோட்டையிலிருந்து மனைவியின் உறவினர் கைப்பையில் அடைமுட்டை கொண்டுவரலாமா? மிஞ்சும் சேவல்களை, ஏற்கெனவே கோழிகள் திரியும் பூங்கா ஒன்றில் விட்டுவிடலாமா? குஞ்சுகளை இணையத்தில் விற்றுத் தீவனச் செலவை ஈடுகட்டலாமா? கடைசியாக, அதிகாலை நாலரைக்குச் சேவல் கூவுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

எல்லாக் குறையும் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று நீங்களும் முடிவு கட்டிவிட்டீர்கள், அப்பாவும் முடிவு கட்டிவிட்டார். சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டிருப்பது உண்மை, அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முட்டைகளைச் சமையலறை அலமாரியில் கூடையில் சேர்த்துவைத்து, ஒரு டசன் ஆனதும், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பொரிப்பானில் வைக்கிறோம், தண்ணீர்த் தட்டு இரண்டையும் முதல் நாளே நிரப்பிவிடுகிறோம் என்று. என் கண் அங்கேதான் நின்றது.

முதலில் முட்டையைப் பார்ப்போம்

கருவுற்ற முட்டைக்குள் இருக்கும் கரு ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அசையத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சமையலறையில் பகலில் 30 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் கரு முழுதாக வளரவும் முடியாது, தூங்கவும் முடியாது. அரைகுறையாக விழித்து, பலம் போய்ச் செத்துவிடும். பத்து நாள் அப்படி இருந்த முட்டையை நீங்கள் எவ்வளவு நல்ல பொரிப்பானில் வைத்தாலும் பாதிதான் தேறும். அடைமுட்டையை 15 முதல் 18 டிகிரிக்குள், அகன்ற முனை மேலாக, ஒரு வாரத்துக்கு மிகாமல் வைக்க வேண்டும். சாதாரணக் குளிர்பெட்டி 4 டிகிரி, அது ஆகாது. ஒயின் வைக்கிற சின்னக் குளிர்பெட்டி யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் கேட்டு வாங்குங்கள், கச்சிதமாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் குளிரூட்டிய அறையில் நாலைந்து நாளைக்கு மேல் வைக்காமல், இருக்கிற முட்டையை அடைக்கு வையுங்கள். ஏழு முட்டை இருந்தால் ஏழு. டசன் கணக்கு கோழிக்குத் தெரியாது.

அடுத்தது தண்ணீர். பொரிப்பானோடு வரும் கையேடு பெரும்பாலும் குளிர்நாட்டு வறண்ட காற்றை நினைத்து எழுதியது. சிங்கப்பூரில் காற்றே ஈரம். அடையில் இருக்கும் முட்டை 18ஆம் நாளுக்குள் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காட்டை ஆவியாக இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் அதிகமானால் எடை இறங்காது, உள்ளே காற்றறை சிறிதாகவே இருக்கும், முழுதாக வளர்ந்த குஞ்சு கடைசி நாளில் மூச்சுக்கு இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே சாகும். உங்கள் சமையலறைத் தராசு போதும். முதல் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் என்று நிறுத்து, ஓட்டின் மேல் பென்சிலால் எழுதுங்கள். எடை சரியாக இறங்கவில்லையென்றால் முதல் 18 நாளுக்குத் தண்ணீரைக் குறைத்து, கடைசி மூன்று நாளுக்கு மட்டும் தட்டை நிரப்புங்கள்.

பொரிக்காத முட்டையைக் கூமுட்டை என்று எறிந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இனி எறியாதீர்கள், ஒவ்வொன்றையும் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் கருவுறவே இல்லை, அல்லது தொடக்கத்திலேயே செத்திருக்கிறது. ரத்த வளையம் இருந்தால் முதல் வாரத்தில் செத்தது, சேமிப்பில் தவறு என்று சந்தேகப்படலாம். இறகு முளைத்து முழுதாக இருந்தால் ஈரம், சூடு, முட்டையைத் திருப்பியது ஆகியவற்றைப் பாருங்கள். இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் குறிப்பிட்ட ஒரு பெட்டையின் முட்டை மட்டும் தொடர்ந்து நடுவில் சாகிறது என்றால், அப்போது ரத்தத்தைக் குறை சொல்லுங்கள்.

மடங்கிய விரலும் அப்படித்தான். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, குஞ்சு கணுக்காலை ஊன்றி நடந்தால், அது பெரும்பாலும் ரைபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்துக் குறைவு. தாய்க்கோழிக்குக் கிடைக்காதது குஞ்சுக்குக் கிடைக்காது. நீங்கள் போடுவது சோறு, உடைத்த சோளம், கொஞ்சம் முட்டைக்கோழித் தீவனம். சாப்பிடுகிற முட்டைக்கு அது போதலாம், குஞ்சு பொரிக்கிற முட்டைக்குப் போதாது. அடைமுட்டை சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே இனப்பெருக்கத்துக்கான தீவனத்துக்கு மாறுங்கள், கீரையும் கொடுங்கள். அடுத்த முறை விரல் நேராக வந்துவிட்டால் ஒரு நல்ல பெட்டையை வீணாக ஒழிக்காமல் தப்பித்தோம் என்று அர்த்தம்.

இருபது கோழி வைத்தாலும் தேறாது

சரி, இப்போது ரத்தத்துக்கு வருவோம். வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை. உங்களைப் போன்ற தனியார் வீடுகளில், விற்பனை நோக்கம் இல்லாமல், பறவை புகாத வலைக்கூண்டுக்குள் 10 கோழிவரை வைத்துக்கொள்ளலாம். இந்தப் பத்துதான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

மரபியலில் ஒரு கணக்கு உண்டு. சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால், அந்த மந்தை உண்மையில் எத்தனை கோழிக்குச் சமம் என்று கிடைக்கும். உங்களிடம் ஒரு சேவல், ஒன்பது பெட்டை. விடை 3.6. பத்துக் கோழிக்குத் தீவனம் போடுகிறீர்கள், ஆனால் வம்சத்தின் கணக்கில் நாலு கோழிகூட இல்லை. இப்போது 20 கோழி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு சேவல், 19 பெட்டை. விடை 3.8. சட்டத்தை மீறி, தண்டனைக்குப் பயந்து, பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு நீங்கள் சம்பாதிப்பது 0.2. மாறாக, ஒன்பது பெட்டையில் ஐந்தைக் குறைத்து நாலை மட்டும் வைத்தாலும் 3.2 இருக்கும். இறுக்குவது சேவல் எண்ணிக்கைதான். பெட்டையைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

3.6 என்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறக்குறைய 14 விழுக்காடு மரபு வேறுபாடு கைநழுவிப்போகிறது. அதற்கு மேல், அப்பனோடு மகளும் அண்ணனோடு தங்கையும் சேர்ந்த குஞ்சுகள். உடல் சிறுப்பது, பொரிப்பு குறைவது, நோய்க்குச் சீக்கிரம் சுருண்டுவிடுவது எல்லாம் இதன் வழக்கமான அடையாளங்கள். அப்பாவின் கோழிகளை வெளி ரத்தம் கெடுக்கவில்லை. வெளி ரத்தத்தை அண்டவிடாத பயம்தான் கெடுத்திருக்கிறது. இதை அவரிடம் நீங்கள் எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்பது எனக்கும் கவலைதான்.

அவர் ஏற்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. நண்பரின் தோட்டத்திலிருந்து உங்களுக்கு வந்தது போலவே வேறு யாருக்காவதும் அந்த வம்சம் போயிருக்குமே? அந்த நண்பரின் பிள்ளைகள், அவர்களிடம் வாங்கியவர்கள் என்று விசாரியுங்கள். தரைவீட்டில் முறைப்படி வளர்ப்பவர்கள் இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் போதும். மூன்று வீட்டிலும் ஒரு சேவல், நாலு பெட்டை. மொத்தம் மூன்று சேவல், 12 பெட்டை. அதே கணக்கில் விடை 9.6. தலைமுறைக்கு இழப்பு ஐந்து விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். யாரும் பத்தைத் தாண்டவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் குஞ்சு வளர ஐந்து இடம் மிச்சம் இருக்கிறது. அந்த ஐந்திலும் சின்னக் குஞ்சும் சேர்த்தி என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

நடைமுறை எளிது. ஒவ்வொரு வீட்டிலும் பொரிக்கும் பெண்குஞ்சுகள் அந்த வீட்டிலேயே தங்கும். ஆண்குஞ்சுகளில் ஆகச் சிறந்த ஒன்று அடுத்த வீட்டுக்குப் போகும். முதல் வீட்டுச் சேவல் இரண்டாவதுக்கு, இரண்டாவது வீட்டுச் சேவல் மூன்றாவதுக்கு, மூன்றாவது வீட்டுச் சேவல் முதலுக்கு. எப்போதும் ஒரே திசையில். மூன்று வீட்டுக் கோழியும் தூரத்துச் சொந்தமாகவே இருந்தாலும் அக்கா தம்பி சேர்க்கை நின்றுவிடும். பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து மாப்பிள்ளை எடுப்பதுதானே, இதில் அப்பாவுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? சேவலை வீடு மாற்றும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவை, அதாவது நாம் ஏவிஎஸ் என்று சொல்லும் பிரிவை, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வந்த சேவலை ஒரு மாதம் தனியாக வைத்துக் கவனித்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.

அப்பா சொல்லும் மூன்று விஷயங்கள்

மஞ்சள் கால். இது பிராய்லரின் முத்திரை அல்ல. மஞ்சள் தோலுக்கான மரபணு ஒடுங்கியிருக்கும் வகை. அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும். வெள்ளைக் கால் பெற்றோர் இரண்டும் அதை மறைவாகச் சுமந்திருந்தால், நாலில் ஒரு குஞ்சுக்குக் கால் மஞ்சளாக வர வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தத் தாய்க்கோழியை மட்டும் ஒழித்து ஒரு பயனும் இல்லை. அப்பா பெருமையாகப் பேசும் அந்தச் சேவலும் அதே மரபணுவைச் சுமக்கிறது. அப்புறம், அவரிடம் இதையும் சொல்லுங்கள்: 2008இல் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மஞ்சள் தோல் மரபணுவைத் தேடிப்போய், அது வீட்டுக்கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறது. வேலியோரம் வந்துபோகும் செங்காட்டுச்சேவலுக்குக் கால் சாம்பல் நிறம். அந்த வழியாக மஞ்சள் வந்திருக்கும் என்பதும் சரிப்படவில்லை.

கெட்டுப்போன பெட்டை. சேவலோடு சேர்ந்த பிறகு பெட்டையின் உடலில் விந்து இரண்டு வாரம், சிலவற்றில் மூன்று வாரம்வரை உயிரோடு தங்கும். ஆகவே காட்டுச்சேவலோடு சேர்ந்த சந்தேகம் இருந்தால் அந்தப் பெட்டையை நாலு வாரம் தனியே வைத்து, அந்த முட்டைகளை ஆம்லெட் போட்டுவிடுங்கள். அதன் பிறகு உங்கள் சேவலோடு விட்டால் வரும் குஞ்சு உங்கள் சேவலுடையதுதான். பழைய சேவலின் சாயல் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. குதிரை, நாய் வளர்த்தவர்களும் நம்பினார்கள். தவறு.

சேவல் குஞ்சு அதிகம். இதற்கும் சேவலை மாற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களில் ஆணா பெண்ணா என்பது அப்பாவின் பக்கத்திலிருந்து தீர்மானமாகிறது. பறவைகளில் தலைகீழ், அம்மாவின் முட்டையே அதைத் தீர்மானிக்கிறது. சேவலை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. ஐந்து குஞ்சில் நாலு சேவலாக வருவது தற்செயல், பெரிய எண்ணிக்கையில் பார்த்தால் பாதிக்குப் பாதி வந்துவிடும். முட்டையின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்பதையும் விட்டுவிடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

நீங்கள் நிறத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எடையைப் பற்றி ஒரு எண்கூட இல்லை. காகமா செவலையா என்பது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் உடம்பு.

அமெரிக்காவில் பழைய இனங்களைக் காக்கும் கால்நடைப் பாதுகாப்பு அமைப்பு, மரபுக்கோழி என்று சொல்வதற்கு வைத்திருக்கும் அளவுகோல்களில் மூன்றைப் பாருங்கள். இயற்கையாக இணை சேர வேண்டும். பெட்டை ஐந்து முதல் ஏழு வருடம், சேவல் மூன்று முதல் ஐந்து வருடம் பயன் தர வேண்டும். கறிப்பருவத்துக்கு 16 வாரத்துக்கு முன்பு வந்துவிடக் கூடாது. அவர்களுடைய இனங்கள் வேறு, நம்முடையவை வேறு. ஆனால் இந்த மூன்றும் உங்கள் அப்பா கம்பத்தில் பார்த்ததுதான். நாலு வயதில் இன்னும் முட்டையிட்டுக்கொண்டு, ஒரு நாள்கூடத் தும்மாமல் நிற்கும் கிழட்டுப் பெட்டை உங்களிடம் இருந்தால், அதன் குஞ்சுக்குத்தான் முதல் மரியாதை. முதல் வருட விடைக்கோழியின் அழகைப் பார்த்து மயங்கி வம்சத்தை அதன் மேல் கட்டாதீர்கள், அது எப்படி வயதாகிறது என்று நமக்கு இன்னும் தெரியாது.

கையில் எடுத்துப் பாருங்கள். சாயங்காலம், கூண்டில் ஏறி அடங்கிய பிறகு எடுத்தால் அடம்பிடிக்காது. ஒரு கையால் மார்பைத் தாங்கி, கால்களை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் மார்பெலும்பை முன்னிருந்து பின்வரை தடவுங்கள். கத்தி முதுகு மாதிரி நேராக ஓட வேண்டும். நடுவில் வளைவோ பள்ளமோ தட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கு நடுவே முட்டையிடும் பெட்டைக்கு இரண்டு மூன்று விரல் இடம் கிடைக்கும். தரையில் விட்டதும் முன்பக்கம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு காலும் அகன்று நேராக ஊன்ற வேண்டும், முட்டி ஒன்றையொன்று இடிக்கக் கூடாது.

எண் போட்ட கால் வளையம் மாட்டுங்கள். 8, 16, 24ஆவது வாரங்களில் எடை எடுங்கள். எந்தப் பெட்டையின் முட்டை என்பது தெரிய, அடைமுட்டை சேர்க்கும் நாட்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூடு கொடுங்கள். ஓட்டின் மேல் தேதியும் பெட்டையின் எண்ணும். பொரிக்கும்போது பொரிப்பானுக்குள் வலைத் தடுப்பு வைத்தால் குஞ்சுகள் கலந்துவிடாது. இது வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் இன விருத்தி என்று பேசுவதில் பொருளில்லை. இரண்டு வருடம் எழுதினால், உங்களுடைய ஒன்பதில் எந்த நாலை வைத்துக்கொள்வது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கைப்பை முட்டையும் பூங்காச் சேவலும்

புதுக்கோட்டை முட்டை வேண்டவே வேண்டாம். உயிருள்ள பறவைக்கும் அடைமுட்டைக்கும் இறக்குமதி உரிமம் கட்டாயம். உரிமமில்லாமல் கொண்டுவந்தால் 10,000 வெள்ளிவரை அபராதம், ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்பவர் உங்கள் மனைவியின் உறவினர், நீங்கள் இல்லை என்பதையும் யோசியுங்கள். சட்டத்தை விட்டுவிட்டு ஒரு கால்நடை மருத்துவராகவே சொன்னாலும் இதே பதில்தான். வெள்ளைக்கழிச்சல் கிருமி ஓட்டின் மேல் ஒட்டி வரலாம். சால்மொனெல்லா, மைகோபிளாஸ்மா வகைகள் சில முட்டைக்குள்ளேயே இருந்து குஞ்சுக்குப் போகும். இன்று உங்கள் கோழிகள் சிறியவை, ஆனால் நோயில்லாதவை. அந்தச் சொத்தை விமானத்தில் வரும் ஆறு முட்டைக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

மிஞ்சும் சேவலைப் பூங்காவில் விடுவது வளர்ப்பு விலங்கைக் கைவிடுதல். அதற்கும் 10,000 வெள்ளிவரை அபராதமும் 12 மாதம்வரை சிறையும் உண்டு. "அங்கே ஏற்கெனவே கோழி திரிகிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். 2017இல் சின் மிங் வட்டாரத்தில் குடியிருப்பாளர்களின் புகாருக்குப் பிறகு 24 கோழிகளைக் கருணைக்கொலை செய்தார்கள், பெரிய விவாதமே நடந்தது. நீங்கள் விடுகிற சேவலுக்கும் அந்த முடிவு வரலாம். இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரின் செங்காட்டுக்கோழி நாட்டின் சொந்தப் பறவை. வீட்டுக்கோழியின் ரத்தம் அதில் ஏறிக்கொண்டிருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன் இனத்தின் சுத்தத்துக்காக இவ்வளவு கவலைப்படும் அப்பா, இன்னொரு இனத்தின் சுத்தத்தைக் கெடுக்கச் சம்மதிப்பாரா? வேலியோரம் வரும் சேவலையும் பிடிக்கவோ பொறி வைக்கவோ போகாதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் போய் மாட்டும். தீவனத்தைக் கூண்டுக்கு வெளியே இறைக்காதீர்கள், அது வராது.

அப்படியானால் மிஞ்சும் சேவலை என்ன செய்வது? மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வழி. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏழெட்டு முட்டை. மூன்று வீட்டுக்காரர்களும் யாருக்கு எத்தனை என்று முட்டை வைக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் இடமில்லாத, குறையுள்ள சேவல் வந்தால் கோழி பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலியில்லாமல் முடித்துவைப்பார். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் எதையும் கழிக்க மனமில்லாதவர் இன விருத்தியில் இறங்காமல், இருக்கிற பத்தைச் செல்லமாக வளர்த்துக்கொண்டிருப்பது நல்லது. அதிலும் குறைவில்லை.

விற்பனை கூடாது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் சலுகையே விற்பனை நோக்கம் இல்லாத வளர்ப்புக்கானது. இணையத்தில் விலை போட்ட அன்றே அது வியாபாரமாகிவிடும். வாங்குபவர் வீவக வீட்டில் வைத்தால் அவருக்கும் தொல்லை. பெருவிடைச் சாயல் சேவலுக்கு ஆர்வமாக விலை கேட்டு வருகிறவர்களில் சிலர் எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சேவல் சண்டை இங்கே குற்றம்.

பக்கத்து வீட்டுக்காரர்

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சேவல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நினைத்து இருட்டுத் துணி போட்டதாகவும் பலிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாறாத மங்கல் வெளிச்சத்தில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்தே அவை விடியலுக்கு முன் கூவின. துணி மட்டும் போதாததற்கு அதுதான் காரணம்.

சேவல் முழுக் குரலில் கூவ எழுந்து நின்று கழுத்தை நீட்ட வேண்டும். இரவுக்கு மட்டும், நிற்கலாம் ஆனால் கழுத்தை முழுதாக நீட்ட முடியாது என்ற அளவு தாழ்ந்த கூரையுள்ள மரப்பெட்டி செய்து கொடுங்கள். உள்சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை. நம் புழுக்கத்தில் காற்றோட்டம் இல்லையென்றால் சேவல் செத்துவிடும், அதனால் காற்றுத்துளைகள் இரண்டு பக்கமும் தாராளமாக இருக்கட்டும், பெட்டியின் வாய் மட்டும் பக்கத்து வீட்டைப் பார்க்காமல் இருக்கட்டும். இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் உதிக்கிறது, அதுவரை பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். கூவல் நிற்காது, ஆனால் சத்தம் நன்றாகக் குறையும். கழுத்தில் பட்டை கட்டும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும்.

பெட்டியைச் செய்வதற்கு முன்பு அவர் வீட்டுக்குப் போய், படுக்கையறை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அதற்கு எதிர்ப்பக்கம் கூண்டை நகர்த்த முடியுமா பாருங்கள். ஒரே சேவலோடு நிறுத்திக்கொள்ளப் போகிறோம், ஐந்து பெட்டைகளைக் குறைக்கப் போகிறோம் என்பதையும் சொல்லுங்கள், அவருக்கு அது நல்ல செய்திதான். அதன் பிறகும் பேச்சு முற்றினால் சமூக சமரச நிலையத்தில் இருவரும் உட்கார்ந்து பேசலாம். புகார் ஏவிஎஸ் வரை போன பிறகு பேசுவதைவிட அது எளிது.